நாலு மாத்திரை மிச்சம்: திண்டுக்கல்லுக்கு ஒரு சர்க்கரைப் பயணம்

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் நாத்தனார் செல்வியோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். ஊர் சுற்றின கதை எழுதும் இடத்தில் ஆஸ்பத்திரிக் கதையா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்துப் பஸ்களில் சிறுமலை பார்க்கப் போகிறவர்களைவிட மருந்து வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு யாரும் வழி எழுதுவதில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துப் பிழையை மகள் திருத்திவிடுவாள். மற்ற பிழை எல்லாம் என் சொந்தச் சரக்கு.

செல்விக்கு நாற்பத்தேழு வயது, சின்னாளப்பட்டியில் இருக்கிறாள். மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் முடிந்து, இரண்டு வருடம் கழித்து எலும்பில் மறுபடியும் தலைகாட்டியது. அதற்கு மாதம் ஒரு ஊசி, தினம் ஒரு மாத்திரை. மூன்று மாதத்தில் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் மாத்திரை தொடங்கியதிலிருந்து சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. "அளவு மீறினா மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்த வேண்டி வரும்" என்று டாக்டரம்மா போன தடவை சொல்லிவிட்டார். நோய்க்கு நல்லாக் கேட்குற மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் வீட்டில் ஒரு மாதப் பேச்சு. ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை எங்களுக்குப் பரீட்சை.

காலை 6.35க்கு எங்கள் ஊர் தாடிக்கொம்பில் டவுன் பஸ். ஒன்பது கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம், பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. கண்டக்டர் என் இட்லிக் கடை வாடிக்கைக்காரர்.

"என்னக்கா, கடையப் பூட்டிட்டு எங்க கெளம்பிட்டீங்க?"

"உனக்குத்தான் தம்பி, பொண்ணு பாக்கப் போறேன்."

"எனக்கு மூணு பிள்ளைக இருக்குக்கா!"

"அப்ப நாலாவதா நல்ல புத்திய ஒண்ணு பாத்துட்டு வாரேன், போ."

ஏழு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் செல்வி நின்றிருந்தாள். சின்னாளப்பட்டியிலிருந்து பதினோரு கிலோமீட்டர்; வெறும் வயிறு, முகத்தில் ரத்தமே இல்லை. ஷேர் ஆட்டோக்காரர், "நடந்தே போற தூரந்தான்க்கா, ஏறுங்க" என்றார். இவ்வளவு நேர்மையான ஆளைப் பார்த்ததில்லை என்று ஏறிக்கொண்டோம். ஒன்றரைக் கிலோமீட்டருக்குத் தலைக்கு இருபது ரூபாய்.

ஏழரைக்கு ரத்தம் கொடுத்தோம். பத்து நாற்பதுக்குச் சீட்டு வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. நான் அந்த வராந்தாவிலேயே குதித்தேன். "ஏத்தா, பாஸாயிட்டடி! மத்தியானம் பிரியாணி என் கணக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பசி மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நம்ம புத்தி எட்டுகிற தூரம் அவ்வளவுதான்.

டாக்டரம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு மாசச் சராசரி இவ்வளவு ஏறியிருக்கு. இன்னைக்கு மட்டும் எப்படி இறங்குச்சு? மாத்திரை அட்டையக் காட்டுங்க."

செல்வி பையைத் துழாவினாள், துழாவினாள், துழாவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அட்டை வெளியே வந்தது. ஆறு மாத்திரை இருக்க வேண்டிய இடத்தில் பத்து இருந்தன.

"நீங்க நிறுத்திருவீங்களோன்னு பயந்து..." என்றவள் குரல் இறங்கிப்போனது, "நானே நாலு நாள் நிறுத்திட்டேன் டாக்டர். சர்க்கரை நல்லா வந்தா, நீங்க தொடர்ந்து குடுப்பீங்கள்ல?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த யோசனை யார் சொன்னது?"

செல்வி என்னைப் பார்த்தாள். "மதினி அப்படித்தான் பண்ணுவாக."

உண்மை. ஒன்பது வருடமாக எனக்குச் சர்க்கரை. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால் சோற்றை விட்டுவிடுவேன். பாகற்காய்ச் சாறு, கேழ்வரகுக் கூழ் என்று சாமியார் மாதிரி இருப்பேன். சீட்டு நன்றாக வந்ததும் முட்டை பரோட்டா. இதைச் செல்வியிடம் எத்தனை தடவை பெருமையாக அளந்திருக்கிறேன்!

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு தாளில் வட்டம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்த விதத்தில், என் கடையை வைத்துச் சொல்கிறேன். வாசலில் வாடிக்கையாளர் வந்து "ரெண்டு தோசை" என்கிறார். அதை ஒருவர் கேட்டு அடுத்தவரிடம் சொல்ல, அவர் தோசைக்கல்லடியில் நிற்பவரிடம் சொல்ல, தோசை விழுகிறது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இப்படித்தான். இன்சுலின் வாசலில் வந்து குரல் கொடுக்கும். சேதி உள்ளே கைமாறிப் போகும். "சர்க்கரையை உள்ளே எடு, வளர்" என்று வேலை நடக்கும். செல்வியின் புற்றுநோய்ச் செல்லில் நடுவில் நிற்கும் ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டது. வாசலில் யாரும் இல்லாமலே "தோசை, தோசை" என்று கத்துகிறான். செல் வளர்ந்துகொண்டே போகிறது. அந்த மாத்திரை அவன் வாயைப் பொத்துகிறது.

"ஆனா அதே ஆளு ஈரல்லயும் தசையிலயும் ஒழுங்கா வேலை செஞ்சுக்கிட்டு நிக்கிறார்மா. அவர் வாயும் சேர்ந்து பொத்திப்போகுது. அதனால சர்க்கரை உள்ள போகாம ரத்தத்துலயே நிக்குது. சர்க்கரை ஏறுனா மருந்து கெடுக்குதுன்னு அர்த்தம் இல்ல. அது வேலை செய்யிற வழியே அதுதான்."

செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று மாதமாக அவள் பயந்த விஷயத்துக்கு இப்படி ஓர் அர்த்தமா!

சர்க்கரையை அப்படியே விட்டுவிடவும் கூடாதாம். ரத்தத்தில் சர்க்கரை நின்றால் கணையம் இன்னும் இன்னும் இன்சுலினை அனுப்பும். வாசலில் கூட்டம் கூடிக் கத்தினால் வாய் பொத்தப்பட்டவன் காதிலும் கொஞ்சம் விழுந்து, மாத்திரையின் வேலை குறைந்துவிடும். அதனால் சர்க்கரையையும் இன்சுலினையும் சேர்த்து இறக்கி வைக்க வேண்டும். அதற்கு இன்னொரு மாத்திரை சேர்த்தார். சோற்றைக் குறைத்துக் காய், பயறு, முட்டையைக் கூட்டச் சொன்னார். சாப்பிட்டதும் நடக்கச் சொன்னார். நடக்கும்போது தசை இன்சுலினைக் கேட்காமலே, பின்வாசல் வழியாகச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம்.

"நிறுத்தறதா, குறைக்கறதான்னு நாங்க முடிவு பண்றோம். நீங்க உண்மையான நம்பரைக் கொண்டு வாங்க, போதும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "வயித்துல சதை போட்டு, வருஷக்கணக்கா இன்சுலின் ஏறியே நிக்கிறவங்களுக்கும் சில புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடுதல். எல்லாருக்கும் வராது. ஆனா மூணு நாள் விரதம் அதுக்கு மருந்து இல்ல." நான் முந்தானையை இழுத்து வயிற்றை மூடினேன். மூடுகிற அளவா அது!

மத்தியானம் பிரியாணி இல்லை. பக்கத்து மெஸ்ஸில் முக்கால் தட்டுக் காய்கறி வெஞ்சனம், ஒரு கரண்டிச் சோறு, அவித்த முட்டை. இரண்டு பேருக்கும் நூற்று அறுபது ரூபாய். சாப்பிட்டதும் செல்வி புற்றுநோய் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு போட்டு விழுங்கினாள். "மதினி, உள்ள போய் அவன் வாயப் பொத்தட்டும்" என்றாள். ஒன்றரைக் கிலோமீட்டர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். இருபத்தாறு நிமிடம். அதே ஆட்டோக்காரர் "ஏறுங்கக்கா" என்றார். "நடந்தே போற தூரந்தான்" என்றேன்.

இதே மாதிரிப் போகிறவர்கள் மாத்திரை அட்டையையும் வீட்டில் எடுத்த சர்க்கரைக் கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் கொடுத்ததும் சாப்பிட டிபன் கட்டிக்கொள்ளுங்கள், கேன்டீன் எட்டரைக்குத்தான் திறக்கும். சர்க்கரை ஏறினால் டாக்டருக்குப் போன் போடுங்கள், மாத்திரை மேல் கை வைக்காதீர்கள். முக்கியமாக, என்னை மாதிரி ஒரு மதினி இருந்தால் அவள் யோசனையைக் கேட்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம், போகும்போதும் நடைதான். அட்டையில் கணக்கு சரியாக இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 138. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இது போதும், மாத்திரை அப்படியே தொடரட்டும்" என்றார். செல்வி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கையை விடாமலே, என் சர்க்கரையையும் பார்க்க ரத்தம் எடுக்கும் அறைக்கு இழுத்துப்போனாள். பாகற்காய் இல்லை, கூழ் இல்லை. முதல் நாள் ராத்திரி கடையில் மிஞ்சின நாலு தோசையைத் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

என் நம்பரை இங்கே எழுதப்போவதில்லை. செல்வி சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மதினி, உங்களுக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாப் பத்தாது. நீங்க தாடிக்கொம்புக்கே நடந்துருங்க."