பதினொரு மணிக்கு கேட்டுக்கு வெளியே

போன வாரம் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு பழனிசாமி சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கள் யுனிவர்சிட்டி ஆபீஸில் இது பெரிய செய்தி!

ஊட்டியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும் — வெளியே வெயில் அடித்தாலும் கட்டடத்துக்குள் விரல் விறைக்கும். கேட்டுக்கு வெளியே டீக்கடை ஓரம் பதினொரு மணிக்கு நல்ல வெயில் விழும். பாதி ஆபீஸ் அங்கே கூடிவிடும். ஒருவர் சிகரெட் பற்ற வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒன்று நீட்டுவார்; அது இங்கே மரியாதை. நான் புகைப்பதில்லை. வெயிலுக்காகப் போவேன்... வம்புக்காகவும்தான்.

பழனிசாமி எங்கள் செக்‌ஷன் சூப்பரின்டென்டென்ட். கோயமுத்தூரில் பிரசவமான மகள் போனில் கண்டிஷன் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறாள். சிகரெட் வாசம் அடித்தால் பேத்தியைத் தொடக் கூடாது! மனிதர் அன்றே நிறுத்திவிட்டார்.

சிகரெட் இல்லாமல்கூட இருந்துவிட்டார். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. நாங்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பியதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, வெளிய அப்படிச் சிரிச்சீங்களே... என்னங்க விஷயம்?"

"ஒண்ணுமில்லீங்க. சோலூர்ல நம்ம ஸ்டோர் ராஜு போட்டிருந்த கேரட்டையெல்லாம் காட்டுமாடு தின்னுட்டுப் போயிருச்சாம்."

"அட, எங்கிட்ட யாருமே சொல்லலியே!"

முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை தாங்க முடியாமல் வெளியே வந்துவிட்டார். ராஜு பிரியமாக சிகரெட்டை நீட்டினார். "குளுருக்கு ஒண்ணே ஒண்ணு புடிங்க சார்." பழனிசாமியின் கை தானாக நீண்டது. பேத்தி வர இன்னும் மூன்றே நாள்! டீயோடு கடிக்க நான் வாங்கியிருந்த மொறுமொறு நெய் வர்க்கியைச் சட்டென்று அந்த விரல்களுக்கு நடுவே செருகினேன்.

முழித்தார். அப்புறம் கடித்தார். காட்டுமாடு கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மறுநாள் ஒரு பெரிய பொட்டலம் வர்க்கியோடு வந்து எல்லோருக்கும் நீட்டினார். மரியாதை ஆயிற்றே, யார் மறுப்பது? ஒரு கையில் டீ, மறு கையில் வர்க்கி... பற்ற வைக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ராஜுகூட சிகரெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

குளிர், டென்ஷன், மேலதிகாரி என்று இந்தப் பழக்கத்துக்கு எத்தனை காரணம் சொல்கிறோம்! பாதிப் பேர் புகைக்காகவா போகிறார்கள்? நாலு பேரோடு நிற்க ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

நேற்று ஆபீஸுக்கு வந்த பழனிசாமியின் முகமெல்லாம் சிரிப்பு. பேத்தியைத் தூக்கக் கையை நீட்டியதும் மகள் கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாளாம்.

"என்னங்க சொன்னாங்க?"

"'தூக்கிக்கங்கப்பா... ஆனா இதென்ன இப்படி நெய் வாசம்? முதல்ல கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுங்க'ன்னு சொல்லிப்போட்டாளுங்க!"