ஆமைக்குக் குறுக்கே நீண்ட கை

எங்கள் கடற்கரைத் தேவாலயத்தின் பங்குச் சாமியார் ஒல்லியானவர். அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டுதான் மணலில் நடப்பார். எந்தப் பிரசங்கத்தையும் 'ஆமையைக் கொல்லாதீர்கள்' என்றுதான் முடிப்பார். எங்களுக்கு எரிச்சலாக வரும்.

சுனாமிக்கு மறுவருடம் ஒரு சனிக்கிழமை, நிவாரணத்தில் கிடைத்த என் புது வலையில் ஆமை சிக்கி, வலையைக் கிழித்துவிட்டது. கரையில் போட்டு, துடுப்பால் அதன் தலையில் அடித்தேன். ரத்தம் என் முகத்தில் தெறித்தது. மறுபடி ஓங்கி அடித்தபோது சாமியார் ஓடிவந்து குறுக்கே கையை நீட்டிவிட்டார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"வலைய நான் தச்சுத் தாறேன், மக்கா. அத விட்டிரு" என்றார், மணலில் சாய்ந்தபடி.

"செரி சாமி" என்றேன்.

அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆட்டோ மறைந்ததும் ஆமையைப் புரட்டிப்போட்டு உயிரோடு அறுத்தோம்.

ஞாயிறு பூசையில் அவர் வலக்கையில் மாவுக்கட்டு. பிரசங்கத்தில் ஆமை வரவில்லை. நன்மை அப்பம் வாங்க வரிசையில் போனேன். இடக்கையால் அப்பத்தை எடுத்தவர், குரலைத் தாழ்த்தி, "அது கடலுக்குப் போச்சா, மக்கா?" என்று கேட்டார்.

தலையாட்டிவிட்டு வாயைத் திறந்தேன். அவர் குனிந்து என் நாக்கில் நன்மையை வைத்தார். அத்தனை பக்கத்தில் ஆமைக்கறி வாடை அவருக்கு அடிக்காமலா இருந்திருக்கும்?