அசோகன் சார் சேர்த்த கடைசி வரி

தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அசோகன் சார் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறார். பிளஸ் டூ முடித்ததிலிருந்து நான் அங்கே போய்வருகிறேன். சார் நொச்சிக்குப்பத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா சாலையோரம் மீன் விற்றார். கார் கண்ணாடியை இறக்கி அம்மாவை ஆங்கிலத்தில் ஏசியவர்களுக்குத் திருப்பிச் சொல்லத்தான் அந்த மொழியைப் படித்தாராம். கோபமும் படிப்பும் அவரிடம் ஒன்றாகவே வளர்ந்தவை.

பாடம் எடுக்கும்போது புத்தகத்தைத் திறக்க மாட்டார். கண்ணெதிரே அந்த நிமிடம் என்ன நடக்கிறதோ அதுதான் பாடம். 'இஃப்' வாக்கியத்துக்குள் தொடர்வினை, அதாவது கன்டினியுவஸ், எப்படி வரும் என்பதையும் அப்படித்தான் சொன்னார்.

"இன்னா பண்ணிக்கினு கீற நைனா?" என்று என் பக்கத்தில் இருந்த வைரவனைக் கேட்டார்.

"வேர்த்துக்கினு கீறேன் சார்." மேலே விசிறி ஓடவில்லை.

"ஃபேன் ஓடிக்கினு இருந்தா நீ வேர்த்துக்கினு இருக்க மாட்ட. இஃப் த ஃபேன் வேர் வொர்க்கிங், யூ வுட்ன்ட் பி ஸ்வெட்டிங். இப்ப நடக்காதத நடக்குதுன்னு வச்சிக்கினு பேசறோம். அவ்ளோதான்."

இந்த வகுப்பை அவரோடு சேர்ந்து தொடங்கியவர் ராகவேந்திரன். பிறகு பிரிந்துபோய், கே.கே. நகரில் ஏசி அறையில் உட்கார்ந்து இணையத்தில் நேரலை வகுப்பு நடத்துகிறார். அசோகன் சார் சனிக்கிழமைதோறும் மறுநாள் மாலைக்கான வாக்கியங்களை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஞாயிறு காலையிலேயே அவற்றை ராகவேந்திரன் தன் வகுப்பில் நடத்திவிடுவார். குழுவிலிருந்து யாரோ அனுப்புகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

ஒருநாள் வகுப்பின் நடுவில் வர்ஷினியின் அப்பா சந்திரமௌலி மயிலாப்பூரிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"ஆத்துல எல்லாரும் பாத்துண்டுதான் இருக்கோம் சார். கார்த்தால ராகவேந்திரன் சொன்னதையே சாயங்காலம் நீங்க சொல்றேள். காப்பியடிக்கறவர்கிட்ட பொண்ணை விட முடியாது. வாடி வர்ஷினி."

சார் திரும்பிப் பலகையைத் துடைத்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த வாரம் இன்னும் சிலர் வரவில்லை. இப்படியே போனால் திருடியவருக்குப் பெயரும், பறிகொடுத்தவருக்குத் திருடன் பட்டமும் நிலைத்துவிடும்.

"அனுப்பறவன் யாருன்னு பாத்து நாலு தட்டு தட்டலாம் சார்" என்றான் வைரவன்.

"அவன் மேல கை வெக்காத. அந்த வழி எனக்கு வேணும்."

அந்தச் சனிக்கிழமை வந்த வாக்கியங்கள் எல்லாமே எங்கள் அறையைப் பற்றியவை. கடைசி வரியை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன். மறுநாள் காலை சார் எங்களை மாடிக்கு வரச் சொல்லி, ராகவேந்திரனின் வகுப்பைத் தன் போனில் போட்டார்.

முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் வழக்கம் ராகவேந்திரனுக்கு இல்லை. வாக்கியங்களைத் திரையில் நகர்த்தி ஒவ்வொன்றாக வாசித்தார். முதலில் விசிறி. 'சார், உங்க ரூம்ல ஏசி ஓடுதே' என்று ஒருவர் கமென்டில் கேட்டார். அடுத்து, கீழே பாத்திரம் தட்டிக்கொண்டிருக்காவிட்டால் நான் பேசுவது உங்களுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் என்ற வாக்கியம். 'எந்தப் பாத்திரம் சார்?' என்று இன்னொருவர்.

நாங்கள் சிரித்தோம். அசோகன் சார் சிரிக்கவில்லை. வலை கனக்கும்வரை படகில் காத்திருப்பவரைப் போல இருந்தார்.

கடைசி வரி திரையில் ஏறியது. "இஃப் ஐ வேர்ன்ட் ரீடிங்..." என்று தொடங்கிய ராகவேந்திரன் அங்கேயே நின்றுவிட்டார். மீதியை எல்லோரும் படித்துவிட்டார்கள். அசோகனின் பாடத்தை நான் படித்துக்கொண்டிருக்காவிட்டால், இப்போது உங்களுக்கு எதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன்?

'யார் சார் அசோகன்?' என்ற கேள்வி மளமளவென்று விழுந்தது. திரை கறுத்தது.

மாலையில் சந்திரமௌலி வர்ஷினியோடு வந்தார். காலையில் அவர்களும் அந்த வகுப்பைப் பார்த்திருக்கிறார்கள்.

"தப்பாப் பேசிட்டேன் சார். மனசுல வச்சுக்காதீங்கோ."

சார் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. ராகவேந்திரன். சார் ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

"டேய் அசோகா, அத ரெக்கார்ட் பண்ணி ஊரெல்லாம் அனுப்பறாங்கடா. ஒரே ரூம்ல ஒண்ணா பாடம் எடுத்தவங்கடா நாம. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின பாடம்னு ஒரு வார்த்தை போட்டுடு. இதோட விட்டுடலாம்."

"லைன்ல இரு. பாடம் நடந்துக்கினு கீது."

அந்தக் கடைசி வரியைப் பலகை முழுக்கப் பெரிதாக எழுதினார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஐ எடுத்துட்டு ஹீ போட்டுச் சொல்லு."

"இஃப் ஹீ வேர்ன்ட் ரீடிங் அசோகன்ஸ் லெசன், வாட் வுட் ஹீ பி டீச்சிங் நௌ?"

"கே.கே. நகருக்குக் கேக்கணும்." மறுபடி கத்தினோம். சார் வாசலைப் பார்த்தார். "பொண்ணு உள்ள உக்காரணும்னா நீங்களும் சொல்லுங்க சார்."

சந்திரமௌலி பலகையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, எங்களோடு சேர்ந்து சொன்னார். போனில் இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"இன்னொரு தபா" என்றார் அசோகன் சார்.