சொல்லிக்கொடுக்காத தொழில்

சித்திரை மாதம், காலை ஒன்பதரை மணி. நகரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு கல்லூரியின் மாடி வராந்தாவில் வெயில் அதற்குள் பாதிச் சுவர் ஏறியிருந்தது. அறியாமையைத் தகுதியாகக் கேட்கும் தொழில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: பார்வையற்றவர் சொல்லச் சொல்ல, அவருடைய தேர்வை எழுதித் தருவது. எந்தப் பாடத்தில் தேர்வோ அந்தப் பாடம் எழுதுபவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ஓய்வுபெற்ற தமிழாசிரியையான என்னைத் தமிழ் தவிர மற்ற எல்லாத் தேர்வுகளுக்கும் அழைப்பார்கள்.

எங்களுக்கு விலக்கப்பட்ட வினைச்சொல் ஒன்று உண்டு: சொல்லிக்கொடுத்தல். கற்பிக்க வகுப்பறை வேண்டும். போதிக்கப் பீடம் வேண்டும். புகட்டப் பாலாடை வேண்டும். சொல்லிக்கொடுக்க ஒரு வாய் இருந்தால் போதும். அதனால்தான் எங்கள் வாயின்மீது இத்தனை கண்காணிப்பு. பிறருக்காகப் பேனாவைத் திறந்து, தமக்காக வாயைப் பூட்டிக்கொண்டவர்களே, நான் பட்டது உங்களுக்குத்தான் முழுதாக விளங்கும்.

பேருந்து எண்

அன்று எனக்கு வாய்த்தவர் எருமப்பட்டியிலிருந்து வந்த தனம். முப்பது வயது, பிறவியிலேயே பார்வையற்றவர். தனியார் மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி எடுக்கும் தற்காலிக வேலையில் இருந்தார். பொருளாதாரத்தில் இரண்டு தாள்கள் எஞ்சியிருந்தன. இரண்டிலும் தேறிப் பட்டம் வாங்கினால் வேலை நிலைக்கும். தவறினால் வேறு ஆளை அமர்த்திக்கொள்வதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போயிருந்ததால், கோழித் தீவன லாரி ஓட்டும் கொழுந்தனார் முருகேசன் அவரை அழைத்து வந்திருந்தார்.

முருகேசன் என்னைத் தூணோரம் அழைத்து, அண்ணி தடுமாறும் இடங்களில் நான் கைகொடுக்க வேண்டும் என்றார். திடுக்கிட்டேன். அது குற்றம், தெரிய வந்தால் தேர்வே ரத்தாகும், மேலும் எனக்குப் பொருளாதாரம் தெரியாது என்று முறைப்படி எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் நேர்மையையும் அறியாமையையும் ஒரே வாக்கியத்தில் ஒதுக்கித் தள்ளினார்:

“ஏனுங்க டீச்சரம்மா, கண்ணு தெரியாதவங்க பஸ்ஸு நெம்பரு கேட்டாச் சொல்றதில்லீங்களா? அந்த மாதிரி நாலு சொல்லிக்குடுத்துப்போட்டு வாங்க.”

காபி குடிக்கும் நேரம்

எங்களுக்கு ஒரு தனி அறை தந்தார்கள். அதிலிருந்த மின்விசிறி ஓடினால் கருங்கல் உடைப்பது போன்ற சத்தம் எழும். தனம் சொல்வது எனக்குக் கேட்க வேண்டுமென்று அதை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்தோம். கண்காணிக்க வந்த இளம் விரிவுரையாளர் பொருளாதாரத் துறையைச் சேர்ந்தவர். அதுவே முறையன்று. வினாத்தாளைப் புரட்டிப் பார்த்து, கடினமான தாள்தான் என்று எனக்காக வருந்தினார். பிறகு, தாம் காபி குடித்துவிட்டுத் திரும்ப இருபது நிமிடம் ஆகும் என்றும், அதற்குள் என் மனசாட்சி எவ்வளவு எழுதுகிறதோ எழுதட்டும் என்றும் சிரித்தபடியே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

முருகேசனின் கோரிக்கையைப் பாசம் என்று பொறுத்துக்கொள்ளலாம். மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் இப்படிக் கண்சிமிட்டலாமா? நேர்ந்ததற்காகத் தனத்திடம் வருத்தம் தெரிவித்தேன். அவருக்கு அறம்பற்றிய கவலை எதுவும் இல்லை.

“போனது நல்லதுங்க டீச்சரம்மா. செண்டு வாசத்தோட பக்கத்துல நின்னா எனக்கு ரெண்டாவது பாயிண்டு மறந்து போவுது.”

பேனா நின்றது

ஒரு வினாவுக்குத் தனம் தயக்கமின்றிச் சொல்லத் தொடங்கினார்: மலிவான தானியத்தையே நம்பி வாழும் ஏழைக் குடும்பங்கள், அதன் விலை ஏறும்போது சில வேளைகளில் அதையே முன்னைவிட அதிகமாக வாங்கும். நாற்பது ஆண்டுகள் மளிகை வாங்கிய என் புத்தி அதை ஏற்கவில்லை. விலை ஏறினால் எவராவது கூடுதலாக வாங்குவார்களா? வாயைத் திறக்கவில்லை, முகத்தில் மாற்றம் தெரிந்திருக்கலாம், அதை அவர் பார்க்கப் போவதில்லை. பேனா மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது. தனம் அதை அடித்துவிட்டு, குறைவாகவே வாங்கும் என்று எழுதச் சொன்னார். அவர் சொன்னதை எழுதுவதே என் கடமை, எழுதினேன்.

தேர்வு முடிந்து படியிறங்கும்போது தனம் அந்த விரிவுரையாளரை நிறுத்திக் கேட்டார். முதலில் சொன்னதுதான் சரி என்றார் அவர். ஏன் மாற்றினீர்கள் என்று நான் பதறினேன். தனத்தின் வீட்டில் அரிசி விலை ஏறிய மாதங்களில் காயையும் பருப்பையும் விட்டுவிட்டு, அந்தக் காசுக்கும் அரிசியே வாங்கி வயிற்றை நிரப்பியிருக்கிறார்களாம். பாடமும் தெரியும், பட்டும் தெரியும். பிறகு ஏன்? தனம் படிக்கட்டின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார்.

“உங்க பேனா நின்னுதுங்க. மொதல்ல இருந்து அதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். தப்புன்னு சொல்லிக்குடுக்கறீங்கன்னு நெனச்சுப்போட்டேன்.”

விசிறி ஐந்தில்

அன்றிரவு முழுதும் அந்தச் சொல்லையே புரட்டிக்கொண்டிருந்தேன். வாயும் வேண்டாம், பாடமும் தெரிய வேண்டாம்; ஒரு பேனா நின்றாலே சொல்லிக்கொடுத்ததாகிவிடும் என்றால், அந்த வினைச்சொல்லை வாழ்நாள் முழுதும் எவ்வளவு குறுக்கி வைத்திருந்தேன்! அதிலும் நான் சொல்லிக்கொடுத்தது தவறு. ஒருவருடைய பிழைப்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் தேர்வு அலுவலகத்துக்குச் சென்று, வேறொருவரை அமர்த்துமாறு கேட்டேன். ஆள் கிடைக்கவில்லை. தனத்திடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். யோசித்துவிட்டு, பார்த்துக்கொள்ளலாம், நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்றார்.

இரண்டாம் தாள். அறைக்குள் நுழைந்ததும் தனம் விசிறியைப் போடச் சொன்னார். கருங்கல் உடையத் தொடங்கியது. விரிவுரையாளர் ஓடிவந்து, இந்தச் சத்தத்தில் எப்படித் தேர்வு எழுதுவது என்று அதை நிறுத்தப் போனார். தனம் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். நானோ அதுவரை வணக்கம் தவிர ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

“நிறுத்தாதீங்க சார், அஞ்சுலயே இருக்கட்டும். டீச்சரம்மா பேசறது எனக்குக் கேக்கக் கூடாது.”

வாசல்வரை கேட்டது

மூன்று மணி நேரமும் கத்தினோம். நான் வினாக்களைக் கத்தினேன். அவர் விடைகளைக் கத்தினார். தெளிவில்லாததைத் திரும்பக் கேட்டுக் கத்தினேன். புரியாத இடங்களில் என் பேனா வழக்கம்போல் நின்றது; விசிறி அதை விழுங்கியது. அவர் நிற்கவில்லை. ஒரு விடையைக்கூட மாற்றவில்லை. கடைசி வினா முடிந்ததும் விசிறியை நிறுத்தினேன். அந்த அமைதியில் தனம் முதல் முறையாகச் சிரித்தார்.

வெளியே முருகேசன் கைகூப்பியபடி நின்றார். முகமெல்லாம் நன்றி. எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது மறுக்கத் தொண்டையில் குரல் மிச்சமில்லை. தனமோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றார்.

“பாருங்க அண்ணி, மொதல்ல ரூல்ஸ் பேசுனாலும், நான் சொன்ன சொல்லுக்குத் தொண்ட கட்டற அளவுக்குச் சொல்லிக்குடுத்தாங்க, எனக்கு வாசல் கேட்டு வரைக்கும் கேட்டுச்சு.”

ஆடியில் முடிவு வந்தது: முதல் தாளில் நூலிழையில், இரண்டாம் தாளில் தாராளமாகத் தேறித் தனம் தம் நாற்காலியைத் தக்கவைத்துக்கொண்டார்.

சொல்லிக்கொடுத்ததற்காக முருகேசன் அந்த வாரமே ஒரு தட்டு முட்டையை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார், எழுதியதற்காகக் கல்லூரி தீபாவளி கழித்து மதிப்பூதியம் அனுப்பியது, ஆனால் நான் செய்த ஒரே உருப்படியான காரியத்துக்கு, அதாவது இரண்டாம் நாள் தனத்தின் காதில் விழாமல் இருந்ததற்கு, இன்றுவரை யாரும் ஒரு காசும் தரவில்லை.