பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?

மாமா இரண்டாவது முறை தேர்தலில் நின்ற வருடம், இறந்துபோன அதிபர் ஒருவர் அவர் வீட்டில் குடியேறினார்.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். ஒரு சிறிய கட்சிக்குத் தலைவர். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில்தான் அவர்கள் வீடு. பள்ளி விட்டதும், அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து திரும்பும்வரை நான் அங்கேதான் இருப்பேன்.

ஆங்கிலத்தில் மாமா பேசினால் கூட்டம் அசையாமல் கேட்கும். தமிழில்தான் தகராறு. முதல் தேர்தலில், உங்கள் ஓட்டுகளை எனக்கே போடுங்கள் என்று முடிக்க வேண்டிய இடத்தில், "உங்கள் ஓட்டைகளை எனக்கே போடுங்கள்" என்று முடித்துவிட்டார். மைதானமே சிரித்தது. அதோடு போகவில்லை. லிட்டில் இந்தியாவில் சாப்பிடப் போனால், பக்கத்து மேசையிலிருந்து யாராவது, "ஓட்டை சார் வந்துட்டாரு, தோசையைப் பார்த்து ஊத்துங்க லா" என்பார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் முகம் அப்படியே இறங்கிவிடும். இன்னொரு முறை மேடையில் தன்னைப் பார்த்துச் சிரித்தால் அரசியலையே விட்டுவிடப்போவதாக அத்தையிடம் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் அந்த கேசட் வந்தது. ஃபேரர் பார்க்கில் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் கொடுத்தார். எங்கோ ஒரு தீவு நாட்டின் முன்னாள் அதிபர், தமிழ் வம்சாவளி, எப்போதோ சிங்கப்பூருக்கு வந்தபோது ஒரு மண்டபத்தில் பேசியது. அந்தத் தீவு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அத்தை அவர் பெயரைச் சொல்லமாட்டார், 'பெரியவர்' என்பார். பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்த்துவிடுவார் என்பதுபோல.

வறண்ட குரல். ஒரு சொல்லை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதுபோலப் பேசுவார். பேச்சின் நடுவே, "பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?" என்று ஒரு கேள்வி வரும். பிறகு நீண்ட மௌனம். பிறகு ஒரு சிறு இருமல். அதற்கப்புறம்தான் பேச்சு தொடரும்.

அந்தக் கேள்வியில் மாமா விழுந்துவிட்டார். பின்னால் இருப்பவர்கள் என்றால் வாழ்க்கையில் பின்தங்கிப்போனவர்கள், நாடு கவனிக்காமல் விட்டவர்கள், அவர்களை நோக்கி ஒரு தலைவர் கேட்கும் கேள்வி இது என்று அப்பாவிடம் விளக்கினார். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"மச்சான், மைக் வேலை செய்யுதான்னு கேட்டிருப்பாரு. அவ்ளோதான் லா."

மாமா எழுந்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அந்த அறையிலிருந்து இரண்டு குரல்கள் கேட்கும். முன்னால் பெரியவர், சற்றுப் பின்னால் மாமா. நாளாக ஆக இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். பென்சிலைத் தேடிக் கையை நீட்டினேன். கேசட் என் பக்கத்தில், சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. சன்னலுக்கு வெளியே, உயரப் பாலத்தில், எல்ஆர்டி ரயில் ஒன்று போனது. எங்கள் அடுக்குமாடிகளை நெருங்கும்போது அதன் கண்ணாடிகள் தாமாக வெளுத்துவிடும், பயணிகள் வீடுகளுக்குள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அன்று அது எங்கள் வீட்டைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு போவதாக எனக்குப் பட்டது.

மற்ற மாற்றங்களையும் நான் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். காரணமில்லாத இருமல். தலையை ஒரு பக்கம் சாய்ப்பது. "வா லா, சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "வாருங்கள், அமருங்கள்" என்று சொல்லத் தொடங்கியது. இது கடைசியாக வந்தது, இதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒரு மாலை தேநீர் கொண்டுவந்த அத்தையிடம், "மிக்க நன்றி, அம்மா" என்றார். அத்தை கோப்பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"இப்ப என்கிட்ட யாரு பேசுறா?" என்று கேட்டார்.

மாமா மெல்ல இருமினார்.

அதன்பின் அத்தை தினமும் அந்தச் சாத்திய கதவுக்கு வெளியே வந்து நிற்பார். அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக்கையோடு, மரத்தில் நெற்றி படும் அளவுக்கு நெருங்கி நிற்பார். உதடு அசையும். மந்திரம் சொல்கிறார், பெரியவரை வெளியே போகச் சொல்லி ஓதுகிறார் என்று முடிவு செய்துகொண்டேன். என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டத்தன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. திடல் சேறு. அத்தை முன்வரிசைக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில், வேலி ஓரமாக நின்றார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மாமா மேடையேறி, தலையைச் சாய்த்து, பேசத் தொடங்கினார். ஒரு பிழையில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் வந்த ஒவ்வொரு சொல்லும், மேடைக்கு எதிரே இருந்த அடுக்குமாடிச் சுவரில் பட்டு, கொஞ்சம் தாமதமாக எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து மறுபடியும் வந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் இருப்பவர் யார் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பவில்லை.

"பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?"

சுவரும் கேட்டது. பிறகு மௌனம். மாமா அசையாமல் நின்றார். அது கேசட்டில் இருந்த அதே மௌனம், அதே நீளம். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தானே கேக்குது," என்று எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் பக்கத்தவரிடம் முணுமுணுத்தார். "ஓட்டை சார் மறந்துட்டாரு போல." ஒரு சிரிப்பு அங்கங்கே கிளம்பத் தொடங்கியது. மாமாவின் கை வாயை நோக்கி எழுந்தது. இருமப்போகிறார். இருமிவிட்டால் அவர் இனி நம் மாமா இல்லை என்று ஏனோ எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அத்தை என் கையை விட்டார்.

"கேக்குது. நீங்க பேசுங்க."

கத்தவில்லை. சமையலறையிலிருந்து கூப்பிடும் குரல்தான். ஆனால் திடல் முழுக்கக் கேட்டது. மாமாவின் கை பாதியில் நின்றது. தலை நிமிர்ந்தது. எங்கள் பக்கம் பார்த்தார்.

"சரி லா," என்றார், பழைய குரலில். "போன தடவை உங்ககிட்ட ஓட்டை கேட்டேன். இந்தத் தடவை ஓட்டு கேக்க வந்திருக்கேன்."

திடல் சிரித்தது. முதல் தேர்தலில் கேட்ட சிரிப்பு அல்ல இது. மாமாவும் சிரித்தார், வீட்டுக்கு வந்த பிறகும். அந்தத் தேர்தலில் தோற்றார். அரசியலை விடவில்லை. இன்றுவரை விடவில்லை.

எனக்கு இப்போது ஒலிப்பதிவுதான் தொழில். போன மாதம் அந்த கேசட்டை மாமா என்னிடம் கொடுத்து, கணினியில் ஏற்றித் தரச் சொன்னார். இரைச்சலை நீக்கிக்கொண்டே வந்தபோது அந்த மௌனத்தில் ஏதோ இருந்தது. ஒலியைக் கூட்டினேன். மண்டபம் இல்லை. மின்விசிறி ஒன்று சுற்றியது. தூரத்தில் எல்ஆர்டி போனது, பெரியவர் பேசிய காலத்தில் இல்லாத ரயில். பயிற்சியின்போது பதிவுப் பொத்தான் தவறி அழுந்தி, அந்த இடத்தில் மட்டும் பழைய ஒலி அழிந்து எங்கள் வீடு ஏறியிருக்கிறது. கேள்விக்கு முன்பே ஏறியதா, பின்பா என்று தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பது பெரியவரா, மாமாவா என்று என் கருவிகளாலும் பிரிக்க முடியவில்லை.

பதில் சொல்வது யார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. மிக மெல்லிய குரல், சாத்திய கதவுக்கு வெளியிலிருந்து.

"கேக்குது. நீங்க பேசுங்க."

தினமும் அந்தக் கதவில் நெற்றியை வைத்து அத்தை ஓதிய மந்திரம் அதுதான். அவர் யாரையும் துரத்திக்கொண்டிருக்கவில்லை.