யாரு தவறுனது?

ஜீவமணிக்குத் தூத்துக்குடி சூட்டிய பட்டம் 'குச்சிமணி'. பகலில் கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. மாலையில் இருபத்திரண்டு பேர் கொண்ட மேற்கத்திய வாத்தியக் குழுவின் முன்னால் நின்று குச்சி ஆட்டுவார். "இவரு ஒண்ணும் வாசிக்கலியே, பெறகு எதுக்கு முன்னால நிக்காரு?" என்று ஊர் இருபத்தெட்டு வருஷம் கேட்டது. அவர் பதில் சொன்னதில்லை. முதுகைக் காட்டி நிற்பவருக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

செத்துப்போன ஜெர்மானியர்களின் பழைய இசையோடு நிறுத்தியிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். அவருக்கோ உயிரோடு இருப்பவர்கள் எழுதிய புது இசைதான் வேண்டும். அதில் மெட்டு இருக்காது, இருந்தாலும் பிடிகொடுக்காது. அது தொடங்கியதும் கூட்டம் கட்லெட் தட்டுகளை நோக்கிக் கிளம்பிவிடும். நாற்காலிச் சத்தத்தை வைத்தே எத்தனை பேர் மிச்சம் என்று திரும்பாமல் சொல்லிவிடுவார் ஜீவமணி. ஒரே ஒரு புது உருப்படியையாவது ஊர் கடைசிவரை கேட்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

தோள்வலி முற்றி, கடைசிக் கச்சேரியும் வந்தது. சாயர்புரத்துக் கணக்கு வாத்தியார் நேசக்குமார் எழுதிய இருபது நிமிட உருப்படி. கணக்கு வாத்தியார் ஆயிற்றே, இசைத்தாளில் ஒவ்வொரு 'பாருக்கும்', அதாவது தாளக் கட்டத்துக்கும், எண் போட்டிருந்தார்.

விழாச் செயலாளர் பொன்னுதுரை கெஞ்சினார்: "அண்ணாச்சி, இன்னைக்காவது தெரிஞ்ச பாட்டா வாசிங்களேன். சனம் ஓடிரும்."

"ஓடட்டும்வே. வாசல் தெறந்துதான கெடக்கு."

ஐந்தாவது நிமிஷத்தில் பின்னால் நாலைந்து நாற்காலிகள் நகர்ந்தன. அப்போதுதான் நேசக்குமார் நாற்பது விநாடி மௌனம் எழுதிவைத்திருந்த இடம் வந்தது. ஜீவமணி குச்சியைத் தாழ்த்தித் தலைகுனிந்தார். குழுவும் குனிந்தது.

மேடையில் இத்தனை பேர் பேசாமல் தலைகுனிந்தால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம். பொன்னுதுரை பதறி எழுந்து கைகட்டினார். பூக்கடைக்கு ஆளையும் விரட்டினார். கட்லெட்டுக்குக் கிளம்பியவர்கள் அப்படியே நின்றார்கள். மற்ற முந்நூறு நாற்காலிகளும் ஒருசேரக் கிறீச்சிட்டன. சரி, ஊர் மொத்தமும் கிளம்பிவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொண்டார் ஜீவமணி. மிச்சப் பதினைந்து நிமிஷத்தை வெற்று நாற்காலிகளுக்கென்றே, ஆனால் உயிரைக் கொடுத்து நடத்தினார்.

முடித்துவிட்டுத் திரும்பினால், அத்தனை பேரும் நிற்கிறார்கள். பொன்னுதுரை உட்காராததால் ஒருவரும் உட்காரவில்லை. ஜீவமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

பொன்னுதுரை மேடையேறிக் காதருகே கேட்டார்: "அண்ணாச்சி, யாரு தவறுனது?"

ஜீவமணியின் மனசு இன்னும் வாசிப்பிலேயே இருந்தது. "நம்ம மந்திரமூர்த்திதான். முப்பத்தாறாவது பார்ல."

"ஐயோ, பார்லயா? குடிக்கவே மாட்டாரே!"

"என்னவே ஒளறுதீரு? அங்கன வயலினைப் பெட்டியில வச்சிக்கிட்டு நிக்கான் பாரும்."

மந்திரமூர்த்தி இருமினார். அதற்குள் வந்துசேர்ந்த ரோஜா மாலையை என்ன செய்வது? அது ஜீவமணியின் கழுத்தில் விழுந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் மாலை.

ஆறு வருஷமாகிவிட்டது. ஜீவமணி அந்த இசைத்தாளை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனைவி ஞானப்பூ சீண்டுவாள்: "எழவுன்னு நெனச்சுல்லா நின்னாவ!"

"எதுக்கோ நின்னுட்டுப் போறாவ. கடைசிவரை கேட்டாவளா இல்லியா, ஏளா?"

மௌனம் வரும் இடத்தில் அவரே பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறார். இனி அதை நடத்தப்போகும் எவருக்கும் பயன்படட்டும் என்று: 'இங்கே சபையோர் எழுந்து நிற்பார்கள்.'