அக்காவின் வைப்பும் என் காரும்

நேற்று வெள்ளவத்தையில் மழை பிடித்துக்கொண்டதால் ஃபோனில் ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டேன். கதவைத் திறந்ததும் பொலித்தீன் வாசம் மூக்கில் ஏறியது. வாங்கிப் பல வருடமான கார். சீற்றின் பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை. "கழட்டினா வெல கொறஞ்சிரும், சேர்" என்றார் டிரைவர். சிரிப்பு வந்தது, பிறகு என் மேலேயே எரிச்சல் வந்தது. நானும் இதே சாதி மடையன்தான் என்பது உங்களுக்குத் தெரியாதே.

அது அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம். கொழும்பில் ஆளாளுக்கு ஒரே கதை: கார் வாங்கிப் போடு, விலை ஏறும். கல்யாண வீட்டிலும் அதுதான், கோயில் வாசலிலும் அதுதான். பத்து வருடம் ஓடிய காரை வாங்கியதைவிடக் கூடிய விலைக்கு விற்றவனை விஞ்ஞானி மாதிரிப் பார்த்தார்கள். எனக்கும் விஞ்ஞானியாக ஆசை. கையில்தான் சல்லி இல்லை.

அக்காவிடம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், கல்யாணம் கட்டவில்லை, ஓய்வூதியமும் இல்லை. சேமிப்பு முழுவதையும் வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு, மாத வட்டியில் ஓர் அறைக்கு வாடகை கட்டித் தனியாக இருந்தாள். அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம். போனால் தேத்தண்ணீரோடு ஏச்சும் கிடைக்கும்: உன்ர பிள்ளை மெலிஞ்சு போச்சு, நீ எதிர்த்து வாய் காட்டுறது கூடிப்போச்சு.

அந்த வைப்பை ஈடுவைத்து என் பெயரில் கடன் எடுக்கலாம் என்றாள் வங்கியில் இருந்த பெண். "அங்கிள், அன்ரியின்ர காசு அப்பிடியே இருக்கும். வட்டியும் மாசாமாசம் வரும். ஒரு சைன் மட்டும்தான்." வீட்டுக் காசையே வீட்டுக்குக் கடனாகக் கொடுத்து, அதற்குக் கூடுதல் வட்டியும் வாங்கி, போகும்போது ஒரு கலண்டரும் சுருட்டித் தருகிற வித்தையை வேறெங்கே பார்ப்பீர்கள்? நான் நன்றி சொல்லிக் கலண்டரை வாங்கிக்கொண்டேன்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிவத்தைப் பார்த்தாள்.

"உனக்கு விசரே? எனக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதான். நீ கட்டாட்டி?"

"கட்டுவன், அக்கா."

"எங்க சைன் போடுறது, காட்டு."

கடன் காசில் கார் வந்தது. ஓட்டினால் கிலோமீற்றர் ஏறும், விலை இறங்கும். ஆகவே காரை மூடி நிறுத்திவிட்டு நான் காலி வீதியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். மகள் ஏறி உட்கார்ந்தால் அதட்டினேன். ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டு வந்தார். இன்னும் ஏறும் என்று திருப்பி அனுப்பினேன். அக்காவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. "குடுத்துத் துலையன்டா! காரை நித்திரையாக்கிப் போட்டு பஸ்ஸில தொங்கிறாய். நீயெல்லாம் ஒரு கணக்காளன்!" ஓம், நான் கணக்காளன்தான். சிரியுங்கள்.

பிறகு பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றது. கடன் வட்டி எகிறியது. அலுவலகம் சம்பளத்தைப் பாதியாக்கியது. காரைக் கேட்டு ஒரு நாய்கூட வரவில்லை. தவணைகள் தவறின. அதே வங்கி மிகுந்த மரியாதையோடு கடிதம் எழுதி, அக்காவின் வைப்பை எடுத்துக் கடனைக் கழித்துக்கொண்டது. கடைசியில் காரைக் கிடைத்த விலைக்குத் தள்ளினேன். அந்தக் காசும் வீட்டுச் செலவிலும் மகளின் படிப்பிலும் கரைந்தது. "திருப்பித் தருவன்" என்று அக்காவிடம் சொன்னேன். இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், வெட்கம் கெட்டவன்.

கொட்டாஞ்சேனை அறையை விட்டு அக்கா எங்களிடம் வந்து வருடங்களாகிவிட்டன. பின்னறை அவளுக்கு. "அக்காவை நல்லா வச்சுப் பாக்கிறீங்கள்" என்று வருகிறவர்கள் என்னைப் புகழ்கிறார்கள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும். வந்த நாளிலிருந்து அவள் என்னை ஒருமுறைகூட ஏசியதில்லை. வேண்டுமென்றே வாய் காட்டியும் பார்த்துவிட்டேன். எழும்பிப் பின்னறைக்குப் போகிறாள்.

நேற்று நான் வீடு வந்து சேர்ந்தபோது மழை விட்டுப் புழுங்கத் தொடங்கியிருந்தது. அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

"தம்பி, கொஞ்ச நேரம் ஃபேன் போடட்டே?"